காவிரிப் பாசனப் பகுதியில் காருக்குப் புது டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கார் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும் நேரத்தில் கேட்கும் கேள்விகள் இவை. டயரைப் பற்றிப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை நான்குவழிச் சாலையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. நம் பக்கத்துக் கார் பாதி நாள் வாய்க்கால் கரையில் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய மழைத் தண்ணீர், தை, மாசியில் சாலையில் காயும் நெல், கத்திரி வெயிலில் கொதிக்கும் தார் எல்லாவற்றையும் ஒரே டயர் தாங்க வேண்டும். எனவே சில பதில்கள் கடைக்காரர் சொல்வதோடு ஒத்துப்போகாது.

டயரை எப்போது மாற்ற வேண்டும்? பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) இன்னும் இருக்கிறது, ஓடும் என்கிறார் டிரைவர்.

ஓடும்தான். மழையில் நிற்குமா என்பதுதான் கேள்வி. கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். அந்த அளவைக் காட்ட டயரிலேயே அடையாளம் இருக்கிறது. டயரின் தோள்பட்டை ஓரத்தில் ஒரு சிறு முக்கோணமோ, டிடபிள்யூஐ என்ற மூன்று எழுத்தோ தெரியும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சிறு மேடு. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது.

ஆனால் 1.6 மி.மீ. என்பது அபராதத்துக்கான எல்லை. புது டயரில் பள்ளம் 7, 8 மி.மீ. ஆழம் இருக்கும். சாலையில் தேங்கிய தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். ஆழம் குறையக் குறைய, தள்ள முடியாத தண்ணீர் டயருக்கும் தாருக்கும் நடுவில் படலமாக நிற்கும். செங்கிப்பட்டி வழியாகத் திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் அடைமழையில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால், சக்கரம் தண்ணீரின் மேல் மிதக்கிறது என்று பொருள். அப்போது பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். புரட்டாசியில் அளந்து பார்த்து 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால், வரும் மழைக்கு அந்த டயரை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

அளக்கும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. உள்ஓரம், நடு, வெளிஓரம் என்று மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே ஓரத்தில்தான் தேயும்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் வெளியே வருகிறது. டயர் புதிது போலவே இருக்கிறது, ஆனால் வாங்கி ஏழு வருடம் ஆகிவிட்டது. மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள் ஐயா. ரப்பர் ஓடினாலும் முதுமை அடையும், நின்றாலும் முதுமை அடையும். வெயிலும் காற்றும் ரப்பரை இறுக்கமாக்கும். பக்கச் சுவரிலும் பட்டன் அடியிலும் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கிறதா பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் புது ரப்பர் சற்றுக் குழையும், பழையது மரம் போல் நிற்கும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைக் கவ்வாது. ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது. பத்து வருடத்துக்கு மேல் எந்த டயரும் காரில் இருக்கக்கூடாது என்று கம்பெனிகளே சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு நான் ஆறு, ஏழு வருடத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காரில் டயரின் அடிப்பாகம் தட்டையாகிவிடும். வாரம் ஒருமுறை யாராவது காரைத் தெருக்கோடி வரை ஓட்டி வந்து நிறுத்தினாலே போதும்.

எந்த மாதத்தில் வாங்குவது நல்லது?

ஆவணி, புரட்டாசி. டயர் கடையில் கூட்டம் சேர்வது சித்திரை வெயிலில் டயர் வெடித்த பிறகும், ஐப்பசியில் கார் வழுக்கிய பிறகும்தான். இதில் ஒரு நுட்பம் உண்டு. வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் பொருள் புது டயரின் மேல் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடி அது தேய்ந்த பிறகுதான் டயர் முழுப் பிடியைக் கொடுக்கும். அந்தத் தூரத்தைக் காய்ந்த சாலையில் ஓட்டி முடித்திருந்தால் வடகிழக்குப் பருவமழை வரும்போது டயர் தயாராக இருக்கும். மழைக்காலத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் வாரம் நிதானமாக ஓட்டுங்கள்.

டயரின் பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

185/65 ஆர்15 88எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் நூல் ஓடும் ஒரு முறை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். இதுவே 82 என்றால் 475 கிலோ. எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. வரை. டி என்றால் 190, எஸ் என்றால் 180.

210 கி.மீ. வேகத்தில் நாம் எங்கே போகப் போகிறோம் என்று கேட்பார்கள். வேகக் குறியீடு உயர்ந்த டயர் சூட்டையும் அதற்கேற்பத் தாங்கும்படி கட்டப்படுகிறது. அதனால் எடைக் குறியீட்டிலும் வேகக் குறியீட்டிலும் காரோடு வந்த டயருக்குக் கீழே இறங்க வேண்டாம். குறிப்பாக, குடும்பமே ஏறிக்கொண்டு மேலே சாமான் கட்டி வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ போகிறவர்கள் எடைக் குறியீட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்துத் தேதி. பக்கச் சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் நீண்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம். இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுமையாக இருக்கும், எனவே புரட்டிப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தயாரானது நல்லது. ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள், முன்னால் இரண்டு புதிதும் பின்னால் இரண்டு பழசும் வருவது உண்டு. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

கொஞ்சம் அகலமான டயர் போட்டால் கார் கம்பீரமாக இருக்குமே?

இருக்கும். கம்பெனி கொடுத்த அளவில் டயரின் மொத்த விட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாருதி ஸ்விஃப்ட் காரில் கீழ்வகைக்கு 165/80 ஆர்14, மேல்வகைக்கு 185/65 ஆர்15 என்று இரண்டு அளவு வந்தது. பார்க்க இரண்டும் வேறு வேறு. கணக்குப் போட்டால் முதலாவதின் மொத்த விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. ரிம்மை மாற்றினாலும் சக்கரத்தின் விட்டத்தை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். அதே 15 அங்குல ரிம்மில் ஆசைப்பட்டு 205/65 போட்டால் விட்டம் 647.5 மி.மீ. ஆகிவிடும். ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 104-இல் போகும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உள்ளே உரசலாம். மைலேஜும் குறையும்.

பெரிய ரிம், தட்டையான டயர் என்ற ஆசைக்கு நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி உட்புறச் சாலைகளில் எதிரே பஸ் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தைத் தாரை விட்டு இறக்கித்தான் ஆக வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் பள்ளம்கூட இருக்கும். திரும்ப ஏறும்போது அந்த விளிம்பு பக்கச் சுவரை ரிம்மோடு சேர்த்து நசுக்கும். உள்ளே இருக்கும் நூல் அறுந்து, இரண்டு நாளில் அந்த இடத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம் எழும். வீங்கிய டயரை ஒட்டவும் முடியாது, நம்பவும் முடியாது. பக்கச் சுவர் உயரமாக இருந்தால் இந்த அடியைத் தாங்கும். 65, 70, 80 என்று இருக்கும் டயர்களே நம் பாதைக்கு ஏற்றவை.

எந்தக் கம்பெனி டயர் வாங்கலாம்?

தமிழ்நாட்டில் டயருக்குப் பஞ்சமில்லை. எம்ஆர்எஃப் 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் இடமாகத் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் பெரம்பலூர் மாவட்டத்தில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே, சியட். ஆனால் பெரம்பலூர் பக்கம் என்பதற்காகக் கும்பகோணத்தில் விலை குறைந்துவிடாது.

கம்பெனிப் பெயரைவிட மாடல் முக்கியம். ஒரே கம்பெனி நீண்ட நாள் உழைப்பதற்கு ஒரு மாடலும், மைலேஜுக்கு ஒரு மாடலும், ஈரத்தில் பிடிப்பதற்கு ஒரு மாடலும் போடுகிறது. இறுகிய ரப்பர் அதிக கிலோமீட்டர் வரும், ஈரத்தில் கொஞ்சம் வழுக்கும். மிருதுவான ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடைக்காரரிடம் “எத்தனை கிலோமீட்டர் வரும்” என்று மட்டும் கேட்டால் அவர் முதல் வகையை எடுத்து நீட்டுவார். நாம்தானே கேட்டோம். “மழையில் எது நன்றாகப் பிடிக்கும்” என்று கேளுங்கள். நெடுக ஓடும் அகலமான பள்ளங்கள் மூன்று, நான்கு உள்ள டயர் தண்ணீரைச் சீராக வெளியேற்றும்.

வயலுக்குப் போகிறேன், ஆல் டெரெய்ன் டயர் (கரடுமுரடான பாதைக்கான பெரிய பட்டன் டயர்) போடட்டுமா?

நம் களிமண் எந்தப் பட்டனையும் இரண்டு சுற்றில் அப்பி மூடிவிடும். அதன் பிறகு கரடுமுரடு டயரும் வழவழப்பு டயரும் ஒன்றுதான். வருடம் முழுவதும் தார்ச் சாலையில் இரைச்சலையும் மைலேஜ் இழப்பையும் சுமக்க வேண்டாம். நாற்றங்கால் நேரத்தில் காரை மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து போவதே எளிது.

இப்போது இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது. புதிதை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

பின்னால். இதற்குக் கடையில் பத்துக்கு எட்டுப் பேர் “என்ஜின் முன்னால் இருக்கிறது, இழுப்பதும் முன்சக்கரம், பிரேக்கும் முன்னால்தான் அதிகம், அங்கேதான் புதிது வேண்டும்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கார் வழுக்கும்போது நடப்பதைப் பாருங்கள்.

ஈரமான வளைவில் முன்சக்கரம் பிடி விட்டால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுபவர் தானாகவே ஆக்சிலேட்டரை விடுவார், வேகம் குறையும், முன்சக்கரம் மீண்டும் பிடிக்கும். பின்சக்கரம் பிடி விட்டால் காரின் பின்பாகம் வெளியே வீசும். அப்போது பதறி ஆக்சிலேட்டரை விட்டால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகி, கார் சுழன்றே போகும். தேர்ந்த டிரைவர்களே தடுமாறும் இடம் இது. நம் சாலைகளில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். சுழன்றால் ஒதுங்க இடமில்லை.

எனவே நன்றாக இருக்கும் ஜோடி எப்போதும் பின்னால். முன்னால் இருந்த தேய்ந்ததை எடுத்துவிட்டு, பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுவந்து, புதிதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு. ஒற்றை டயர் வாங்குவது கடைசி வழி.

உள்ளூரில் வாங்குவதா, திருச்சிக்குப் போவதா, ஆன்லைனில் வாங்குவதா?

டயரின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். டயர், புது வால்வு, மாட்டும் கூலி, பேலன்ஸிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வது), அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது), பழைய டயருக்குக் கழிக்கும் தொகை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். ஆன்லைனில் குறைவாக வாங்கி, மாட்டும் கூலியில் அதை விட்டவர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

உள்ளூர்க் கடையில் பேலன்ஸிங் இயந்திரமும் கணினி அலைன்மென்ட்டும் இருந்தால் அங்கேயே வாங்குவேன். நட்டு இறுக்கிப் பார்க்கவும், ஒரு மாதம் கழித்து ஏதாவது சத்தம் கேட்டால் காட்டவும் திருச்சி வரை போக வேண்டியதில்லை. பில்லில் நான்கு டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். தயாரிப்புக் குறைக்குக் கம்பெனி உத்தரவாதம் உண்டு. பட்டன் தேய்ந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதிக்கு ஈடு தருவார்கள். தார் விளிம்பில் நசுங்கியது அதில் சேராது.

பாதி விலைக்குப் பழைய டயர் கிடைக்கிறது, பட்டன் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டு நிறுத்துகிறார்கள். முன்னே சொன்ன அந்தக் குறுக்கு மேட்டைத் தேடுங்கள். அது பள்ளத்தில் இல்லவே இல்லை, அல்லது நடுவே வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் கைவேலை. பள்ளத்தின் விளிம்பு வளைந்து நெளிந்திருக்கும், ஆழம் இடத்துக்கிடம் மாறும். உள்ளே இருக்கும் கம்பிக்கும் தாருக்கும் நடுவில் ரப்பரே மிச்சமிருக்காது.

டயர் மாட்டும்போது பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

நிற்பதுதான் முக்கியம். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பார்கள், டீயை அங்கேயே வரவழையுங்கள்.

பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மின் விளிம்பைப் பாருங்கள். டயர் உட்காரும் அந்த வளையத்தில் துருவும் பழைய ரப்பர்ப் பொருக்கும் இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்துக் கார்களில் இரும்பு ரிம் இங்கேதான் முதலில் அரிக்கும். அப்படியே டயரை ஏற்றினால் வாரம் இரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றுக் கசியும், பஞ்சர் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். பழைய ரப்பர் வால்வை அறுத்து எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். அதில் மிச்சம் பிடிப்பது வீண்.

புது டயரின் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வு ரிம்மின் எடை கூடிய இடம். மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றினால் பேலன்ஸிங்குக்காக ரிம்மில் ஒட்டும் ஈயத் துண்டு குறைவாகப் பிடிக்கும். அம்புக்குறி இருந்தால் அது கார் முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசை. அவுட்சைடு என்று ஆங்கிலத்தில் அச்சடித்த பக்கம் வெளியே தெரிய வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கத்து டயர் மட்டும் திரும்பிப் போவது சகஜம்.

டயர் விளிம்பில் அதற்கென்று இருக்கும் பசையையோ சோப்புத் தண்ணீரையோ தடவி ஏற்ற வேண்டும். காற்றடிக்கும்போது ‘டப்’, ‘டப்’ என்று இரண்டு முறை சத்தம் கேட்கும். இரண்டு விளிம்பும் ரிம்மில் போய் உட்கார்ந்ததன் அடையாளம் அது. உட்கார்ந்த பிறகு ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். கோடு ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.

பேலன்ஸிங் இயந்திரத்தில் ஈயம் ஒட்டிய பிறகு மறுபடி சுற்றவிட்டு இரண்டு பக்கமும் பூஜ்யம் வருவதைப் பாருங்கள். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுத்தான் புதிது ஒட்ட வேண்டும்.

கடைசியில் நட்டு. முதலில் எல்லா நட்டையும் கையால் சில சுற்று ஏற்ற வேண்டும். காற்றுத் துப்பாக்கியை எடுத்த எடுப்பில் வைத்தால் மரை கோணலாக ஏறிப் போல்ட் பாழாகும். எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இறுதி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில். பெரும்பாலான சிறு கார்களுக்கு 85-லிருந்து 125 நியூட்டன் மீட்டருக்குள் ஒரு எண் கார் கையேட்டில் இருக்கும். துப்பாக்கியால் முறுக்கித் தள்ளினால், நடு இரவில் பஞ்சரானால் காரோடு வந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றாலும் நட்டு அசையாது. 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கம் சரிபாருங்கள்.

பேலன்ஸிங் செய்து ஒரு மாதம்தான் ஆகிறது. 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடுகிறதே?

பணம் கொடுத்து மறுபடி பேலன்ஸிங் செய்வதற்கு முன் ரிம்மின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற சாலையிலோ சேற்றிலோ ஓட்டியிருந்தால் வண்டல் ரிம்முக்குள் ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்திருக்கும். சில கிராம் ஈயம் சரிசெய்யும் சமநிலையை ஒரு கைப்பிடி மண் கெடுத்துவிடும். வெளியே பளபளவென்று கழுவிய காரில்கூட உள்ளே மண் இருக்கும். குழாய் வைத்து உட்பக்கமாக அடித்துக் கழுவுங்கள். பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், ஒட்டிய ஈயம் விழுந்துவிட்டதா, ரிம் நெளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறுவடை நேரத்தில் இன்னொன்று. சாலையில் பரப்பிய வைக்கோலின் மேல் ஓட்டினால் அது சக்கரத்தின் உட்பக்கம் அச்சில் சுற்றிக்கொள்ளும். புகைபோக்கியின் சூட்டுக்கு அருகில் அது இருப்பது நல்லதல்ல, நிறுத்தி எடுத்துவிடுங்கள். காயும் நெல்லின் மேல் பிரேக் போட்டால் எவ்வளவு நல்ல டயரும் வழுக்கும். நெல் உலர்த்த விவசாயிக்குப் போதிய களம் இல்லாதபோது சாலையில்தான் கொட்டுவார். நாம்தான் மெதுவாகப் போக வேண்டும்.

அலைன்மென்ட் அவசியமா, கடைக்காரர் பில்லை ஏற்றுகிறாரா?

டயர் மாற்றியதால் மட்டும் கோணம் மாறிவிடாது. ஆனால் பழைய டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ அவசியம். டிராக்டரின் கேஜ் வீல் (சேற்று வயலுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) கொத்திப்போட்ட சாலையில் தினமும் போகிறவர்கள் புது டயரோடு ஒருமுறை செய்துவிடலாம். அதற்கு முன் சஸ்பென்ஷனில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு கோணம் பிடிப்பது பலனில்லை. செய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவைக் காகிதத்தில் அச்சடித்துக் கேளுங்கள். டயரை 8,000-லிருந்து 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின்னாக இடம் மாற்றினால் நான்கும் சேர்ந்து தேயும்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்கிறார்களே? நைட்ரஜன் நல்லதா?

குறைக்கவே கூடாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அந்த எண்தான் வேதம். அது குளிர்ந்த டயருக்கான எண். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒன்றரையிலிருந்து இரண்டு பிஎஸ்ஐ வரை ஏறும். அதைக் கணக்கில் வைத்துத்தான் டயரைக் கட்டியிருக்கிறார்கள். ஓடிவந்த சூட்டில் அளந்து, அதிகமாகிவிட்டது என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்ந்து கொதிக்கும். வெயிலில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை இப்படிக் காற்றுக் குறைந்து ஓடியவைதான். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் பார்த்து அடிக்கவும் கூடாது.

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

ரிம் துருப்பிடித்திருக்கிறது, டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுவிடலாம் என்கிறார் பஞ்சர் கடைக்காரர்.

அது ஊர் போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவுதான். டயரின் உட்புறத்தில் டியூப் உரசிச் சூடாகும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் காற்று மெல்ல இறங்கும். டியூப் கிழிந்தால் ஒரேயடியாக இறங்கும். துருவைத் தேய்த்துப் பாருங்கள், முடியாவிட்டால் ரிம்மை மாற்றுங்கள்.

புது டயரில் பஞ்சரானால்?

பட்டன் பகுதியில் சிறு துளை என்றால் கவலையில்லை. கயிறு திணிப்பது வழியில் உதவும். பிறகு டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் என்ற காளான் வடிவ ஒட்டைப் போடுவதே நிலையானது. சீமைக் கருவேல முள் என்றால் முனை உள்ளேயே ஒடிந்து நிற்கும், உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் குத்தினால் ஒட்டக் கூடாது.

புது டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றலாமா?

தாராளமாக. எலுமிச்சையும் மஞ்சள் குங்குமமும் ரப்பரை ஒன்றும் செய்யாது. ஆயுதபூஜையன்று உடைத்த பூசணிக்காயை மட்டும் சாலையிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். உங்கள் புது டயர் தப்பித்தாலும் பின்னால் வரும் இருசக்கர வாகனம் அதில் வழுக்கும்.

என் காரில் ஸ்டெப்னியே கொடுக்கவில்லை. சட்டப்படி சரியா?

சரிதான். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி மூன்றும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி மாறியது. ஆனாலும் கோடியக்கரைப் பக்கம் இரவில் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் பெட்டி உதவாது. இடம் இருந்தால் ஒன்று வாங்கி வையுங்கள். ஸ்டெப்னி உள்ளவர்கள் அதன் காற்றையும் தேதியையும் பாருங்கள். சில கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கைவிடச் சிறியது. அதில் எழுதியிருக்கும் வேக எல்லைக்குள் பஞ்சர் கடை வரைதான் போக வேண்டும்.

பழைய டயர்களை என்ன செய்வது?

கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கழிவு டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2022 முதல் தயாரிப்பாளர்கள் மேல் விதிக்கப்பட்டிருக்கிறது. கொட்டகையோரம் போட்டுவைத்தால் மழைத்தண்ணீர் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். போகியன்று கொளுத்தக் கூடாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. கறுத்த புகை முதலில் நம் வீட்டுக்குள்தான் வரும். பிள்ளைகள் ஊஞ்சல் கட்டக் கேட்டால் கொடுக்கலாம், அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய இரண்டு துளை போட்டுக் கொடுங்கள்.